ஆலந்தேரியில் விழுந்த சிக்ஸர்கள்

இங்கிலாந்தில் அடித்த பந்து ஆலந்தேரியில் வந்து விழும் என்று அந்த ஊரில் யாரும் அதற்கு முன் நினைத்ததில்லை, விழ ஆரம்பித்த பிறகு ஏன் விழுகிறது என்று யாரும் ரொம்ப நாள் யோசித்ததுமில்லை. மழை ஏன் பக்கத்து ஊரில் பெய்துவிட்டு இங்கே வராமல் போகிறது என்பதைக்கூட அவர்கள் யோசித்து முடிக்காமல் விட்டிருந்தார்கள். மூன்று பக்கம் உப்பளம், நாலாவது பக்கம் கடல், நடுவே நூற்றியிருபது வீடுகள், உப்பளத்து வரப்பின்மேல் மெயின் ரோட்டுக்குப் போக ஒரே ஒரு மண்பாதை, அந்தப் பாதை ஊரைத் தொடும் இடத்தில் உப்புக் கம்பெனி போட்ட இரும்புக் கேட்டு. இவ்வளவுதான் ஆலந்தேரி.

அந்தக் கேட்டுக்கு வாட்ச்மேன் லிங்கத்துரை. அவன் பெண்டாட்டி சொர்ணக்கிளி உப்பளத்தில் உப்பு வாருகிறவள், வெயிலில் கருத்து, உப்பில் வெளுத்து, நாற்பத்திரண்டு வயதில் எந்த வயது என்று சொல்லமுடியாத ஒரு முகத்துக்கு வந்து சேர்ந்தவள். ஆனி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், கேட்டுச் சாவியை லிங்கத்துரை வீட்டிலேயே மறந்துவிட்டுப் போய்விட்டான் என்று அதை எடுத்துக்கொண்டு அவள் மிக்கேல் டீக்கடைக்குப் போனபோது மணி மூன்றரை. டிவியில் இங்கிலாந்தில் டெஸ்ட் மேட்ச் ஆரம்பமாகிக்கொண்டிருந்தது. ஆறரை அடி உயரமுள்ள ஒருவன் எங்கிருந்தோ ஓடிவந்து முதல் பந்தை எறிந்தான். நம் ஆள் காலைக்கூட நகர்த்தவில்லை, மட்டையைத் தூக்கி, எறிந்தவன் தலைக்கு மேலேயே அதைத் திருப்பி அனுப்பினான். கேமரா அண்ணாந்து பார்த்தது, வானத்தைக் காட்டியது, மேகத்தைக் காட்டியது, பந்தைக் காட்டவில்லை.

டீக்கடை முழுக்கக் கையில் கிளாஸோடு எழுந்து நின்றது.

"என்ன, எல்லாரும் எழவு விழுந்த மாதிரி நிக்கீங்க?" என்றாள் சொர்ணக்கிளி.

"மொதப் பந்துட்டி," என்றான் லிங்கத்துரை. அவன் வாலிபத்தில் ஊர் டீமுக்கு முதல் ஆளாக இறங்கினவன், ஒரு தடவை காலையிலிருந்து சாயங்காலம் வரை நின்று பதினாலு ரன் எடுத்ததை இன்னமும் சொல்லுகிறவன். "டெஸ்ட் மேட்ச்ல மொதப் பந்த எவனும் இப்படி அடிப்பானா? புதுப்பந்து பழசாகட்டும்னு காத்திருக்கணும். பவுலர் களைக்கணும். இது அஞ்சு நாள் ஆட்டம்."

"அடிக்கக்கூடாதுன்னு சட்டமா?"

"சட்டமில்ல. வழக்கம்."

திரையில் அடித்தவன் பெயர் மாதவ் கரண்டே என்று எழுதியிருந்தது. மிக்கேல் அதைக் கண்ணைச் சுருக்கி 'கரண்டு' என்று வாசித்தார். ஒரு நாளைக்கு ஆறு தடவை மின்சாரம் போய்வரும் ஊரில் அந்தப் பெயர் அன்றைக்கே நின்றுவிட்டது.

சொர்ணக்கிளி வீட்டுக்குத் திரும்பி வந்தாள். வாசலில் நிறைத்து வைத்துவிட்டுப் போன குடத்துக்குள் ஒரு சிவப்புப் பந்து கிடந்தது. எடுத்துப் பார்த்தாள். கதகதப்பாக இருந்தது. தையலில் ஒரு புல் இதழ் ஒட்டியிருந்தது, ஆலந்தேரி மண்ணில் முளைக்காத ஒரு பச்சை. அவள் பந்தைச் சேலைத் தலைப்பில் துடைத்து அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, குடத்துத் தண்ணீரை வீணாக்காமல் உலையில் ஊற்றினாள்.

இரண்டாவது பந்து கோயில் ஓட்டின்மேல் விழுந்து உருண்டது. மூன்றாவது ராசாத்தியின் மீன்குழம்புச் சட்டியில் விழுந்தது. அதை எடுத்துக் கழுவி வைத்துவிட்டு அந்த வீட்டில் அன்றைக்கு அந்தக் குழம்பையே சாப்பிட்டார்கள், உப்புக் கொஞ்சம் தூக்கல் என்றார்கள். கரண்டு ஒவ்வொரு சிக்ஸர் அடிக்கும்போதும் அங்கே நடுவர்கள் தலையைச் சொறிந்துகொண்டு பெட்டியைத் திறந்து வேறு பந்து எடுத்துக் கொடுப்பதை ஆலந்தேரி டிவியில் பார்த்தது, பார்த்து முடிப்பதற்குள் காணாமற்போன பந்து ஊருக்குள் எங்கோ சொத்தென்று விழும் சத்தத்தையும் கேட்டது. முதல் மேட்ச் முடிவதற்குள் ஊர் அதற்குப் பழகிவிட்டது. கரண்டு ஆடும் நேரத்தில் பெண்கள் தண்ணீருக்குப் போனால் உப்பு சுமக்கும் இரும்புச் சட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு போனார்கள், ஆடுகளைக் கூரைக்குக் கீழே கட்டினார்கள், வடகம் காயவைக்கிறவர்கள் "இப்ப யாரு ஆடுதா?" என்று மிக்கேல் கடைக்குக் குரல் கொடுத்துக் கேட்டுவிட்டுக் காயவைத்தார்கள். விழுந்த பந்து விழுந்த வீட்டுக்குச் சொந்தம் என்று ஒரு முறை தானாக ஏற்பட்டது. பல் முளைக்கும் குழந்தைகள் அதைக் கடித்தன. கோயில் பூசாரி ஒன்றை அம்மன் சூலத்துக்குப் பக்கத்தில் வைத்துக் குங்குமம் வைத்தார், சிவப்பில் சிவப்பு தெரியவில்லை என்று பிறகு மஞ்சளுக்கு மாறினார். ஒரு பந்துகூட ஒரு ஆள்மேல், ஒரு கோழிக்குஞ்சின்மேல்கூட விழவில்லை. அதை யாரும் அதிசயமாகச் சொல்லவில்லை. கரண்டு பார்த்து அடிக்கிறான் என்றார்கள்.

சொர்ணக்கிளி வேலை முடிந்து வந்து குளித்து, மூன்றரைக்கெல்லாம் டீக்கடை மரத்தடியில் போய் நிற்க ஆரம்பித்தாள். அவளுக்கு ஆட்டம் தெரியாது, அவனைத் தெரிந்தது. பந்து எறியப்படுவதற்கு முன் அவன் மட்டையைத் தரையில் தட்டுவதில்லை, சும்மா நிற்பான், வீட்டு வாசலில் யாரோ வருகிறார்கள் என்று நிற்கிறவனைப்போல. அடித்துவிட்டுச் சிரிக்க மாட்டான், முறைக்க மாட்டான், கையுறையின் பட்டையைப் பிரித்து மறுபடி ஒட்டுவான். ஒரு தடவை பந்து விலாவில் பட்டுக் குனிந்து முழங்காலில் உட்கார்ந்தான், டாக்டர் ஓடிவந்தார், எழுந்தான், அடுத்த பந்து அதே இடத்துக்கு அதே வேகத்தில் வந்தது, அதைத் தூக்கிப் பார்வையாளர்களுக்கு அப்பால் அனுப்பினான், அது ஆலந்தேரிப் பள்ளிக்கூடத்து மணியில் பட்டு ஊரெல்லாம் கேட்டது. ஸ்லிப்பில் மூன்று பேரை நிறுத்தினால் மூன்று பேர் தலைக்கு மேலே அடித்தான், மூன்று பேரையும் எல்லைக்கு அனுப்பினால் அவர்கள் இருந்த இடத்தின் வழியே அடித்தான்.

"நல்ல பந்தையும் அடிக்கான் பாத்தீங்களா," என்றாள் ஒரு நாள் புருஷனிடம், சோறு போட்டுக்கொண்டே. "எல்லாரும் மோசமான பந்து வரட்டும்னு நிக்காங்க. இவன் நல்ல பந்தத்தான் தேடி அடிக்கான்."

"அதுதான் தப்பு. நல்ல பந்துக்கு மரியாத குடுத்து விட்டுறணும்."

"மரியாத குடுத்தா அது திருப்பிக் குடுக்குதா?"

லிங்கத்துரை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தான்.

அவர்கள் இருவருக்கும் நடுவே பேசப்படாத ஒன்று நான்கு வருடமாக இருந்தது. கம்பெனி கேட்டைப் போட்டு ஒன்பது வருடம். அது புறம்போக்குப் பாதை, யாருடையதும் இல்லை, ஊருடையது. ஆனாலும் நாலு மணிக்குக் கடைசி லாரி போனதும் கேட்டு பூட்டப்படும், பிறகு விடியும்வரை யார் போனாலும் உப்பளத்தைச் சுற்றி அஞ்சு மைல் நடக்கவேண்டும். சொர்ணக்கிளிதான் ஊருக்காக மனு கொண்டுபோகிறவள். பதினோரு மனு கொடுத்தாயிற்று. போன இடமெல்லாம் நாற்காலி கொடுத்தார்கள், ஒரு இடத்தில் டீகூடக் கொடுத்தார்கள், எல்லா இடத்திலும் கொஞ்சம் பொறுமையாக இருக்கச் சொன்னார்கள். நான்கு வருடத்துக்கு முன் ஒரு ஐப்பசி மழையில், அஞ்சு மணிக்கு, அவள் தங்கச்சி கனகவல்லிக்கு வலி கண்டது. ஆட்டோ கேட்டுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றது. சாவி லிங்கத்துரையின் மடியில் இருந்தது. அவன் மேனேஜர் தனசிங்குக்கு போன் போட்டான். ஓனரைக் கேட்டுச் சொல்லுகிறேன், பொறு, என்றார். லிங்கத்துரை பொறுத்தான். நாற்பது நிமிஷம் போனைக் காதில் வைத்துக்கொண்டு மழையில் நின்றான். அதற்குமேல் நிற்கமுடியாமல் பெண்கள் கனகவல்லியைக் கட்டிலில் வைத்துச் சகதிக்குள் சுற்றுவழியில் தூக்கிக்கொண்டு போனார்கள். கனகவல்லி பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. அதன் பிறகு கனகவல்லி ஊர்க்கூட்டம் எதற்கும் வருவதில்லை, வந்தாலும் பேசுவதில்லை. சொர்ணக்கிளியும் அதைப்பற்றிப் புருஷனிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சோறு போட்டாள், சட்டை துவைத்தாள், கேட்கவில்லை.

இரண்டாவது மேட்சிலும் மூன்றாவது மேட்சிலும் பந்து விழுந்தது. உப்புப் பாத்தியிலும் நாலு விழுந்து, சாயம் கரைந்து, ஒரு பாத்தி உப்பு ரோஜா நிறத்தில் விளைந்தது. தனசிங் ஜீப்பில் வந்து இறங்கினார். ரோஜா உப்பைக் கையில் எடுத்துப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். பிறகு, கம்பெனி இடத்தில் விழும் பந்து கம்பெனிக்குச் சொந்தம், ஊரில் விழுந்ததையும் கேட்டு ரூமில் கொண்டுவந்து ஒப்படைக்கவேண்டும், லிங்கத்துரை வீடுவீடாகப் போய் வாங்கவேண்டும் என்றார். லிங்கத்துரை சாக்கை எடுத்துக்கொண்டு போனான். ராசாத்தி கதவைத் திறக்கவில்லை. பூசாரி, "அம்மனக் கேட்டுட்டு எடுத்துக்க," என்றார். காலிச் சாக்கோடு அவன் தன் வீட்டு வாசலுக்கு வந்தபோது சொர்ணக்கிளி குறுக்கே நின்றாள்.

"எங்கிட்டயும் கேக்கப்போறீங்களா?"

"சொன்னாங்க. நான் என்ன செய்ய?"

"அதான் கேக்கேன். நீங்க என்ன செய்யப்போறீங்க?"

அவன் சாக்கை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிப் போனான்.

இதற்குள் இங்கிலாந்தில் கரண்டைத் திட்ட ஆரம்பித்திருந்தார்கள். கோட்டுப் போட்ட பெரியவர்கள் டிவியில் உட்கார்ந்து, திறமை இருக்கிறது, பொறுப்பு இல்லை, இது டெஸ்ட் கிரிக்கெட், வேடிக்கை அல்ல என்றார்கள். எழுபது எண்பது என்று அடித்துவிட்டு அவுட்டாகிறான், நின்றிருந்தால் இருநூறு அடித்திருப்பான் என்றார்கள். நாலாவது மேட்சில் அவனுக்கு என்ன சொல்லி அனுப்பினார்களோ, அவன் அடிக்கவில்லை. எண்பத்தெட்டுப் பந்துக்கு ஒன்பது ரன். மட்டையைக் காலோடு சேர்த்து வைத்து, தலையைக் குனிந்து, பந்தைக் காலடியில் சாகடித்துச் சாகடித்து நின்றான். ஊரில் ஒன்றும் விழவில்லை. பெண்கள் பழக்கத்தில் சட்டியைக் கவிழ்த்துக்கொண்டு போய், ஒரு சொத்துச் சத்தமும் கேட்காமல் தண்ணீரோடு வந்தார்கள். சொர்ணக்கிளி மரத்தடியில் நின்று அவன் குனிந்த தலையைப் பார்த்தாள், ஏதோ ஒரு ஆபீசில் மேஜைக்கு முன்னால் கைகட்டி நிற்கிற ஆளைப் பார்ப்பதுபோல இருந்தது, மேற்கொண்டு பார்க்கப் பிடிக்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

"இப்பதான் ஒழுங்கா ஆடுதான்," என்று லிங்கத்துரை டீக்கடையில் சொன்னான். சொன்னவன் பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனதை மிக்கேல் கவனித்தார்.

அஞ்சாவது மேட்சின் கடைசி நாள். முந்நூற்றுத் தொண்ணூற்றியொரு ரன் எடுத்தால் ஜெயிக்கலாம், அதை எவனும் எடுக்கமாட்டான். நாள் முழுக்க அவுட்டாகாமல் நின்றால் டிரா ஆக்கலாம், அதைத்தான் எல்லோரும் சொன்னார்கள். நில்லு, நில்லு, நில்லு என்று டிவி சொன்னது. மணி நாலேகால் இருக்கும்போது கரண்டு வந்தான். சும்மா நின்றான். கையுறைப் பட்டையைப் பிரித்து ஒட்டினான். முதல் பந்து உயிரை எடுக்கிற பந்து, நெஞ்சுக்கு நேராக எழும்பி வந்தது. அவன் பின்னால் சாய்ந்து அதை மேகத்துக்குள் அனுப்பினான்.

டீக்கடையில் கூரையே பெயர்ந்துபோகிற சத்தம். எல்லோரும் ஊருக்குள் எங்கே விழும் என்று காது கொடுத்தார்கள். பந்து ஊருக்குள் விழவில்லை. கேட்டுக்கு அந்தப்பக்கம், பூட்டிய கம்பிகளுக்கு ஒரு கை தூரத்தில், மண்பாதையின் நடுவே விழுந்து கிடந்தது. சனம் கேட்டுக்கு ஓடிவந்தது. இரண்டாவது சிக்ஸர் அதைத் தாண்டி நூறடியில் விழுந்தது. மூன்றாவது இன்னும் நூறடி. மிக்கேல் கடையிலிருந்தே கத்திக்கொண்டிருந்தார், நாற்பத்தாறு, அம்பத்திரண்டு என்று, ஒவ்வொரு கத்தலுக்கும் ஒரு பந்து பாதையில் இன்னும் தூரத்தில் போய் விழுந்தது, மெயின் ரோட்டுப் பக்கமாக, ஒன்றை விட்டு ஒன்று தள்ளி, சிவப்புச் சிவப்பாக. கேட்டுக்கு இந்தப்பக்கம் தலையில் சட்டியோடு நாற்பது பெண்கள் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மணி அஞ்சு. லிங்கத்துரை காதில் போனை வைத்துக்கொண்டு நின்றான்.

"சார், ஜனமெல்லாம் நிக்கிது சார். பந்து எடுக்கணுமாம். ஆமா சார். சரி சார்."

"என்ன சொல்லுதாரு?" என்றாள் சொர்ணக்கிளி.

"ஓனரக் கேட்டுச் சொல்றாராம். கொஞ்சம் பொறு."

அவள் தலையிலிருந்த சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கும் நீங்க போன்லதான் நின்னீங்க."

நான்கு வருடத்தில் முதல் தடவை. அவளுக்குப் பின்னால் கனகவல்லி வந்து நின்றிருந்தாள், எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. லிங்கத்துரை அவள் முகத்தைப் பார்த்தான், அவள் அவன் முகத்தைத் திட்டாமல், அழாமல், சும்மா பார்த்தாள். போனுக்குள் தனசிங் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார்.

"நான் நாப்பது நிமிசம் நின்னேன் தாயி," என்றான் லிங்கத்துரை கனகவல்லியிடம். "எம்மடியிலதான் சாவி இருந்திச்சு. ஓனரக் கேட்டுத்தான் தெறக்கணும்னு ஒரு சட்டமும் கெடையாது. நான்தான் கேட்டுக்கிட்டு நின்னேன்."

அவன் போனை அணைக்கவில்லை. ஹலோ சொல்லிக்கொண்டிருந்த அதை அப்படியே சட்டைப்பையில் போட்டான். மடியிலிருந்து சாவியை எடுத்துப் பூட்டைத் திறந்தான். திறந்தவன் அதோடு நிற்கவில்லை. கேட்டின் ஒரு கதவைத் தோளில் முட்டுக்கொடுத்து மேலே நெம்பினான், துருப்பிடித்த கீல் அசையவில்லை, ராசாத்தி வந்து பிடித்தாள், பூசாரி வந்து பிடித்தார், நாற்பது பேரும் வந்து பிடித்தார்கள், கதவு ஒன்பது வருடத் துருவை உதிர்த்துக்கொண்டு கீலிலிருந்து கழன்று வந்தது. இரண்டாவது கதவும் வந்தது. இரண்டையும் தூக்கிக்கொண்டுபோய் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தாண்டிக் குதிக்கிற கழிமுக ஓடைமேல் பாலமாகப் போட்டார்கள்.

அந்த நேரம் மிக்கேலின் கத்தல் நின்றது. நூற்றிப் பதினெட்டில் கரண்டு தூக்கி அடித்த பந்தை எல்லைக் கோட்டில் ஒருவன் பாய்ந்து பிடித்துவிட்டான். கரண்டு யாரையும் பார்க்காமல் மட்டையை அக்குளில் வைத்துக்கொண்டு நடந்து போனான். அவனுக்குப் பின் வந்தவர்கள் நிற்கவில்லை, அடுத்த நாற்பது ரன்னுக்குள் எல்லோரும் அவுட்டாகி மேட்ச் தோற்றது. கோட்டுப் போட்டவர்கள், நின்றிருந்தால் தோற்றிருக்கமாட்டோம் என்றார்கள். அடுத்த தொடருக்கு அவன் பெயர் இல்லை, அதற்கடுத்ததற்கும் இல்லை, அவன் மறுபடி டெஸ்ட் ஆடவேயில்லை; ஆலந்தேரியிலும் பிறகு பந்து விழவில்லை. அவன் செய்தது தப்பு என்று அந்த ஊரில் இன்றுவரை ஒருவரையும் சொல்லவைக்க முடியாது. தோற்றதாகக்கூட ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

அன்று சாயங்காலம் கனகவல்லி பாதையில் தனியாக நடந்துபோனாள். பந்துகளை எடுக்கவில்லை. மெயின் ரோட்டில் ஆட்டோ நிற்கிற இடம்வரை போனாள், திரும்பி வந்தாள். அக்காவின் வாசலில் நின்று, "பன்னெண்டு நிமிசம்தான்க்கா," என்றாள். "நடந்தே பன்னெண்டு நிமிசம்தான் ஆவுது." சொர்ணக்கிளி அவளைப் பிடித்து உட்காரவைத்தாள். நான்கு வருடம் அழாதிருந்த கனகவல்லி அன்றைக்கு அழுதாள், லிங்கத்துரை கொல்லைப்புறத்தில் நின்று அதைக் கேட்டான், உள்ளே வர அவனுக்குத் துணிவில்லை, போகவும் மனமில்லை.

மூன்றாம் நாள் காலையில் கம்பெனி லாரி வந்தது, முதுகில் புதுக் கேட்டோடு, பழையதைவிட ரெண்டடி உயரமானது, பளபளவென்று நீலப் பெயிண்டோடு. பாதையின் நடுவே கனகவல்லி நின்றாள். அவளுக்குப் பின்னால் சொர்ணக்கிளி, அவளுக்குப் பின்னால் உப்பு வாரப் புறப்பட்ட பெண்கள் எல்லோரும்.

"வழி விடுங்கம்மா," என்றான் டிரைவர்.

"இது எங்க வழி," என்றாள் கனகவல்லி. ஊர் அவள் குரலைக் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது, பின்னால் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. எறக்கிட்டு வரச் சொன்னாங்க. கொஞ்சம் பொறுங்க, மேனேஜருக்குப் போன் போடுதேன்."

"போடு," என்றாள் சொர்ணக்கிளி. "போட்டுக்கிட்டே பின்னால போ."

அவள் ஒரு அடி முன்னால் வைத்தாள். கனகவல்லி ஒரு அடி வைத்தாள். நாற்பது பேரும் வைத்தார்கள். டிரைவர் கண்ணாடி வழியாக அவர்களைப் பார்த்தான், இரண்டு பக்கமும் உப்புப் பாத்தியைப் பார்த்தான். வரப்பில் லாரியைத் திருப்ப இடமில்லை. ரிவர்ஸ் போட்டான். லாரி கீய்ங் கீய்ங் என்று கத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தது, பெண்கள் அதன் முகத்துக்கு நேராக, அவசரமில்லாமல், ஒரு அடி ஒரு அடியாக நடந்தார்கள். பாதி வழியில் பின்சக்கரம் ஒன்று வரப்பின் விளிம்புக்குப் போய் மண் சரிந்தது. லாரிக்குப் பின்னாலிருந்து யாரோ பொத்துப் பொத்தென்று தகரத்தில் தட்டினார்கள். லிங்கத்துரை. வாட்ச்மேன் சட்டை இல்லாமல், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி டிரைவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தான்.

"லெஃப்ட்ல ஒடி... இன்னும் ஒடி... நேரா வா... வா வா வா... பயப்படாத, நான் பாத்துக்கிடுதேன், மெயின் ரோடு வரைக்கும் வா!"